ப்ளேட்டுக்குக் காசு இருக்கு, வாடகைக்கு இல்ல

தாம்பரம் பக்கம் எலும்பு முறிவு பாக்கற எந்த டாக்டரைக் கேட்டாலும் இந்த பேஷண்ட்டைத் தெரியும்பார். வயசு இருபத்தாறு, டெலிவரி வேலை. வேளச்சேரி மெயின் ரோட்ல ராத்திரி மழைல வழுக்கி விழுந்து கால் எலும்பு ரெண்டா போச்சு. முதல்வர் காப்பீட்டுல ப்ளேட் வச்சாச்சு, கைக்காசு போடல. நல்ல திட்டம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

"மூணு மாசம் கால ஊனாதீங்க தம்பி."

"வாடகை யார் சார் கட்டுவா?"

ஆறாவது வாரமே வண்டிய எடுத்துட்டார். ப்ளேட் உடைஞ்சு திரும்பி வந்தார். கூத்து என்னன்னா, ரெண்டாவது ஆபரேஷனுக்கும் காப்பீடு காசு தரும். நடுவுல அவர் வீட்ல இருக்க வேண்டிய மூணு மாசத்துக்குத்தான் யார்கிட்டயும் காசு இல்ல.

கொஞ்ச தூரத்துல மெப்ஸ். அங்க இஎஸ்ஐ உள்ள கம்பெனில 20,000 சம்பளம் வாங்கறவர் வேலைக்குப் போற வழில இதே மாதிரி விழுந்தா, குணமாகற வரைக்கும் சம்பளத்துல 90 சதவீதம், அதாவது மாசம் சுமார் 18,000 வரும். அதே ரோடு, அதே எலும்பு.

இப்போ ஜெனிவா கணக்குக்கு வாங்க. சர்வதேச தொழிலாளர் அமைப்பு (ஐஎல்ஓ) கணக்குல, 2015-ல 19 சதவீதமா இருந்த இந்தியாவோட சமூகப் பாதுகாப்பு 2025-ல 64.3. இதுக்காக கோலாலம்பூர்ல விருதும் குடுத்தாங்க. வளர்ச்சி உண்மைதான். ஆனா அந்த எண்ணுக்குள்ள வர "ஏதாவது ஒரு" பலன் போதும். ஒரு பாட்டிக்கு முதியோர் பென்ஷன் வந்தா அவங்க உள்ள வந்துட்டாங்க. அந்தப் பென்ஷன்ல 60லேர்ந்து 79 வயசு வரைக்கும் ஒன்றிய அரசு தர்றது மாசம் 200 ரூபாய். தமிழ்நாடு மேல போட்டு 2023-ல 1,200 ஆக்குச்சு. பல மாநிலத்துல அந்த அளவு கூட இல்ல.

இதே ஐஎல்ஓ 1952-ல போட்ட 102-வது உடன்படிக்கைல அளவுகோல் வேற: மருத்துவம், நோய்க்கால ஊதியம், வேலையிழப்பு, முதுமை, வேலைக் காயம்னு ஒம்போது பிரிவு. குறைஞ்சது மூணாவது தரணும், எவ்வளவு தரணும்னும் அதுலயே இருக்கு. இந்தியா இன்னும் அதை ஏத்துக்கல. எழுபது வருஷம் கழிச்சு மூணை ஒண்ணாக்கிட்டு கைதட்டறோம்.

புது சட்டம் வந்துடுச்சேன்னு சொல்வீங்க. 2020-ல போட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. ஆப் கம்பெனிகள் வருமானத்துல 1லேர்ந்து 2 சதவீதம் கட்டணும். சரி. ஆனா கால் உடைஞ்சா இவ்வளவு நாளைக்கு இவ்வளவு பணம்னு டெலிவரி தம்பிக்கு அந்த சட்டத்துல ஒரு வரி இருந்தா காட்டுங்க.

"அதுக்கெல்லாம் காசு எங்க டாக்டர்?"னு கேக்கறவங்களுக்கு: ரெண்டாவது ஆபரேஷன் யார் காசுல நடந்துச்சுன்னு நெனைக்கறீங்க?

இன்னொண்ணு. சம்பள ஸ்லிப்ல 0.75 சதவீதம் இஎஸ்ஐ பிடிக்கறாங்களா பாருங்க. பிடிச்சா, அடிபட்டதும் கம்பெனில விபத்து ரிப்போர்ட் போடச் சொல்லுங்க. முதலாளி மூஞ்சிய தூக்கினாலும் கேளுங்க.