யார் கோழை?

போன ஞாயிறு பூசையில், வெளியூரிலிருந்து வந்த சாமியார் புனித தேவசகாயத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்படும்வரை விசுவாசத்தை விடாதவர். 2022இல் புனிதர் பட்டம் பெற்றவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சர்டிபிகேட்டில் இந்து என்று எழுதிக்கொண்டு இங்கே வந்து நற்கருணை வாங்குகிறவர்கள் கோழைகள்" என்றும் சொன்னார். என் பக்கத்தில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பது வருஷம் என்னோடு பவர்டேபிள் ஓட்டியவர்.

சாமி, அவரை அப்படி எழுத வைத்தது யார்?

1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை. இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்கிறது அதன் மூன்றாம் பத்தி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். நம்மைச் சேர்க்கவில்லை. அந்தப் பத்தியையே எடுத்துவிடச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது. 2023இல் நம் சட்டசபையும் தீர்மானம் போட்டது. ஒன்றும் நடக்கவில்லை.

நான் 'கிறிஸ்தவன்' என்றே எழுதினவன். அதனால் நாங்கள் பி.சி. ஆனோம். பையனுக்குக் காலேஜ் சீட் தவறிப்போனது. "உங்க வீராப்புக்கு விலை கொடுத்தது நானுங்கப்பா" என்று இன்றும் சொல்லிக்காட்டுவான். ஒருமுறை கம்பெனியில் ஒருவன் சாதிப் பெயர் சொல்லித் திட்டினான். ஸ்டேஷனுக்குப் போனால், "நீங்கதான் கிறிஸ்தவர் ஆயிட்டீங்களே, வன்கொடுமைச் சட்டம் உங்களுக்குச் செல்லாது" என்றார்கள். திட்டினவனுக்கு மட்டும் என் சாதி மறக்கவில்லை, பாருங்கள்.

சரி, சபைக்குள்ளாவது சாதி போயிற்றா? பெண்ணுக்கு வரன் பார்த்தபோது, சுவரில் திரு இருதயப் படம் மாட்டியிருந்த வீட்டிலேயே முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" தேவசகாயம் பெயரிலிருந்து 'பிள்ளை'யை ரோம் எடுத்துவிட்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களைச் சாதி பிரித்துச் சுவர் எழுப்பியவர்கள் நம்மவர்கள்தான். அதைப் பற்றி எத்தனை மறையுரை கேட்டிருக்கிறோம்?

இவ்வளவும் எழுதுகிற நான் அன்று எழுந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வயதிலும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

நேற்று ராயபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். "இனிமே நான் வரலீங்கண்ணா" என்றார். அந்தச் சாமியார் வருகிற ஞாயிறும் வருகிறாராம். இவரைக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காரப்போகிறேன். பூசை முடிந்ததும் முதல் கேள்வி என்னுடையது.