வலியன் பறவையும் வீட்டுப் பாட்டியும்

ஆலைகளும் மேம்பாலமும் சரக்கு வண்டிகளின் இரைச்சலுமாக விளங்கும் சென்னைப் பாடியில், திருவலிதாயம் என்னும் பாடல் பெற்ற திருத்தலம் அமைந்திருப்பதை வெளியூர் அன்பர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். திருஞானசம்பந்தப் பெருமான் அருளிய முதல் திருமுறையில் மூன்றாம் பதிகம் இத்தலத்துக்கு உரியது. இறைவன் வலிதாயநாதர், அம்பிகை தாயம்மை. கருவறை விமானம் யானையின் பின்புறம்போல் வளைந்த கஜபிருஷ்ட அமைப்புடையது. பரத்வாஜ முனிவர் வலியன் என்னும் குருவியின் வடிவில் வந்து வழிபட்டதால் ஊருக்கு இப்பெயர் வாய்த்தது என்பது தலவரலாறு. சோழநாட்டு வலிவலத்துக்கும் இதே குருவியின் கதை உண்டு.

வலியன் எனப்படுவது நம் கரிக்குருவிதான். இரட்டைவால் குருவி என்றும் சொல்வோம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இதற்குத் தனிப் படலமே இருக்கிறது. காகம் முதலிய பறவைகளிடம் தலையில் குத்துண்டு வருந்திய கரிக்குருவி, மதுரைக்குப் பறந்து வந்து பொற்றாமரையில் நீராடி வழிபட்டது. சொக்கநாதர் அதற்கு மிருத்யுஞ்சய மந்திரத்தை உபதேசித்து, வலியான் என்ற பெயரையும் அருளினார். இன்றும் பாருங்கள், தன் கூட்டின் பக்கம் வரும் காகத்தையும் பருந்தையும் இச்சிறு குருவி துரத்தியடிக்கும். அதன் காவலை நம்பிச் சாதுவான பறவைகள் அருகிலேயே கூடு கட்டிக்கொள்வதுண்டு.

இக்குருவியின் பின்னால் அலைகிற இளைஞர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முறை வேலை. ஏழு வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன். தவணை முறையில் வாங்கிய காமிரா ஒன்றுதான் அவருடைய ஒரே ஆடம்பரம். ஞாயிறு விடியற்காலையில், பிள்ளைகள் எழுவதற்கு முன் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் கொரட்டூர் ஏரிக்கரைக்குப் போய்த் திரும்பிவிடுவார். சில நாள் மகளும் உடன் போவாள். “காய் வாங்க அனுப்பினால் குருவியோடு வருகிறார்” என்று அவர் மனைவி சொல்வது குறையா பெருமையா என்று கண்டுபிடிப்பது கடினம்.

கரிய பறவையைப் படமெடுப்பது எளிதன்று என்பது அவரிடம் நான் கற்றது. காமிரா தானாகக் கணக்கிட்டால் கரியது சாம்பல் நிறமாக வெளிறிவிடுமாம். உச்சி வெயிலில் எடுத்தாலோ கண் தெரியாமல் வெறும் நிழலுருவாக நிற்கும். இளங்காலைக் கதிர் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால்தான் சிறகின் நீலப் பளபளப்பும், கண்ணில் ஓர் ஒளித்துளியும், அலகின் ஓரத்து வெண்புள்ளியும் தெரியும். அந்தக் கணத்துக்காக ஒரு மாதம் காத்திருந்ததாகச் சொன்னார்.

சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) நினைவுக்கு வருகிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். வெவ்வேறு காமிராக்களின் பகுதிகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால் காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். 1950 முதல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார். வீட்டுத் தோட்டத்து அணிலுக்கும் காகத்துக்கும் அவர் எழுத்தில் யானைக்குரிய மரியாதை இருந்தது.

நம் இளைஞர் வீட்டில் சரஸ்வதி பூஜையன்று பிள்ளைகளின் புத்தகங்களுக்கு அருகில் காமிராவும் சந்தனம் குங்குமத்துடன் கொலுவிருக்கும். பொட்டு, கண்ணாடியின் மேல் அன்று, அதன் மூடியின் மேல்! ஆனால் திருவலிதாயத்துக்குள் நுழைந்தால் காமிரா பையை விட்டு வெளியே வராது. திருக்கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்யும்படி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதை அன்பர்கள் அறிவார்கள். இவருக்கு அந்த உத்தரவு தேவைப்படவில்லை. தீபாராதனையின்போது கூப்ப வேண்டிய கையில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, பின்னால் நிற்கும் முதியவருக்கு இறைவனை மறைப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இவரை எண்ணிக்கொள்வேன். படமெடுக்கத் தெரிந்தவருக்குத்தான் எதைப் படமெடுக்கலாகாது என்பதும் தெரிகிறது போலும்.

அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் குருவிகளின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன. அவருடைய தாயாரின் படம் மட்டும் ஒன்றுகூட இல்லை. எழுபத்தெட்டு வயது. கணவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மாலையிட்டு மாட்டியுள்ள அவர் கணவரின் படமும் ஆலையின் அடையாள அட்டையிலிருந்து வெட்டிப் பெரிதாக்கப்பட்டதே. முகம் கலங்கலாகத் தெரியும். பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா என்றால் அந்தக் கலங்கல்தான்.

அம்மையார் ஏன் படத்துக்கு நிற்பதில்லை என்று விசாரித்தேன். “படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள்” என்று முதலில் சிரித்துக்கொண்டே சொன்னார். உண்மைக் காரணம் பிறகு வந்தது. “அவர் போன பிறகு கல்யாணம் காதுகுத்து எதிலும் நான் படத்துக்கு நிற்பதில்லை ஐயா. நல்ல காரியத்தில் நான் எதற்கு?”

இதைப் படிக்கும் மூதாட்டியரில் எத்தனை பேர் இப்படிப் ‘படம் எடுக்கப் போகிறோம்’ என்ற குரல் கேட்டதும் சமையற்கட்டுக்குள் போயிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? அப்படி ஒதுங்க வேண்டும் என்று விதித்த நூல் எதையும் நான் படித்ததில்லை. யாரோ என்றோ ஒருநாள் முகம் சுளித்திருப்பார்கள். அந்தச் சுளிப்புதான் சாத்திரமாகிவிட்டது. கன்னத்தில் மஞ்சள் பூசிப் பேத்தியை வளர்த்த கை, அவளுடைய காதுகுத்துப் படத்தில் இல்லாமற் போவது என்ன நியாயம்?

அம்மையாரிடம் பகவான் ரமணரைப் பற்றிச் சொன்னேன். நம் இல்லங்களில் உள்ள ரமணர் படங்கள் பலவற்றை எடுத்தவர் டாக்டர் டி.என். கிருஷ்ணசாமி. அவர் சென்னையில் மருத்துவர். புகைப்படம் அவருக்குத் தொழிலன்று, விருப்பம். யாவரும் அறிந்த மார்பளவுப் படத்தை 1946-ல் எடுத்தவர் பெங்களூரின் வெல்லிங். ‘நான் இந்த உடல் அல்லேன்’ என்று உணர்ந்து நின்ற ஞானி, காமிராவுக்கு மறுப்புச் சொல்லவில்லை. மலையில் நடந்தபடியும் சாய்மணையில் அமர்ந்தபடியும் எத்தனை படங்கள்! அவர் முகம் திருப்பியிருந்தால் அந்தக் கண்களை இன்று நாம் எங்கே காண்போம்?

அம்மையார் சற்றே யோசித்தார். “அவர் மகான், ஐயா. நான் யார்?”

“அந்தக் கேள்வியைத்தானம்மா அவரும் கேட்கச் சொன்னார்” என்றேன். மருமகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். “அத்தை, இனித் தப்ப முடியாது!”

ஒரு நிபந்தனையின் பேரில் அம்மையார் இசைந்தார். “உன் அப்பாவை வெட்டி எடுத்த மாதிரி பின்னால் என்னையும் வெட்டி எடுக்கக் கூடாது. பிள்ளைகளோடு சேர்த்தே எடு.”

அடுத்த வியாழக்கிழமை காலை, குரு பகவானுக்குச் சாத்துவதற்காக ஊறவைத்த கொண்டைக்கடலையை வாசற்படியில் அமர்ந்து மாலையாகக் கோத்துக்கொண்டிருந்தார். கிழக்கிலிருந்து இளவெயில் பக்கவாட்டில் விழுந்தது. பையன் கடலையைத் திருடித் தின்றுகொண்டிருந்தான். பெண் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். கரிக்குருவிக்காகக் கற்றது அன்று மகனுக்குத் துணைபுரிந்தது. சுருக்கங்களும், கண்ணில் ஓர் ஒளித்துளியும், ஊசியைப் பிடித்த விரல்களும் தெளிவாக விழுந்திருக்கின்றன.

படம் கைப்பேசியோடு நின்றுவிடவில்லை. தாளில் அச்சிட்டுக் கொண்டுவந்தார். பின்புறத்தில் பென்சிலால் எழுதும்படி மகளிடம் சொன்னார். பேனா மை நாளடைவில் ஊறி முன்பக்கம் தெரியக்கூடும். தேதி எழுதினாள், பாடி என்று எழுதினாள், தம்பியின் பெயரையும் தன் பெயரையும் எழுதினாள். பிறகு பென்சிலை நிறுத்திவிட்டுப் பாட்டியின் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

“பாட்டி, உன் பெயர் என்ன?”