மான் லீவு

ஆபீஸில் லீவு கேட்க நம்மிடம் உள்ள காரணங்கள் மொத்தம் நாலு. காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து, பாட்டி. இதில் பாட்டியை அதிகபட்சம் இரண்டு தடவைதான் உபயோகிக்க முடியும். மூன்றாவது தடவை மேனேஜர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆசாமிகளுக்கு இந்தக் கவலை கிடையாது. நவம்பர் 15-ந் தேதி என்றால் பாதி இடங்களில் மேனேஜரே சீட்டில் இருக்க மாட்டார். துப்பாக்கியால் மான் சுடும் சீஸன் வருஷா வருஷம் அன்றுதான் ஆரம்பம். என்ன கிழமை என்பதெல்லாம் கணக்கில்லை. 30-ந் தேதி வரை நடக்கும். பக்கத்து விஸ்கான்ஸினில் 'தேங்க்ஸ்கிவிங்' பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். பென்சில்வேனியாவில் 1963 முதல் பண்டிகைக்கு அடுத்த திங்கட்கிழமை. 2019-ல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஆனாலும் அந்தத் திங்களன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவது பல ஊர்களில் நிற்கவில்லை. திறந்து வைத்தால் வாத்தியார் வந்தாலும் பையன் வரமாட்டான், பையன் வந்தாலும் வாத்தியார் வரமாட்டார்.

சரி, மான் சுடுவதில் அப்படி என்ன? எனக்கும் அதே சந்தேகம்தான். நம்ம ஊரில் 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி மானைச் சுட்டால் ஜெயில். கிண்டியில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, குழந்தைக்குப் புள்ளிமானைக் காட்டி வளர்ந்த ஜனங்கள் நாம். ஆனால் விசாரித்துப் பார்த்ததில், அங்கே சுடுவது பாதி விஷயம்தான். மீதிப் பாதியின் பெயர் 'டீர் கேம்ப்'.

காட்டுக்குள் ஒரு மரவீடு. சிலதில் கரண்ட் கிடையாது. விறகு அடுப்பு, அடுக்குக் கட்டில்கள், சற்றுத் தள்ளி ஒரு கக்கூஸ். அப்பா, பிள்ளை, மாமன், மச்சான், ஃபாக்டரி சிநேகிதன் என்று ஏழெட்டுப் பேர். அதே ஆட்கள், அதே வீடு, அதே வாரம், முப்பது நாற்பது வருஷமாக. வீட்டு வரி, கூரை ரிப்பேர், மளிகை எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவர் சமையல், ஒருவர் விறகு, ஒருவர் பாத்திரம்.

சாமிமார்கள் கோபிக்கக்கூடாது, புரிவதற்காகச் சொல்கிறேன். கார்த்திகை மாசம், காடு, ஒரே நிறத்தில் உடுப்பு, வருஷா வருஷம் அதே கோஷ்டி, வழிநடத்த ஒரு பெரியவர், முதல் தடவை வருகிறவனுக்குத் தனி கவனிப்பு. விரதத்தை மட்டும் எடுத்துவிட்டு பீரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடுப்பின் நிறம் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. மானுக்கு அந்த நிறம் சரியாகத் தெரியாது, மனுஷனுக்கு அரை மைலுக்கு அப்பாலிருந்தே தெரியும். ஒருத்தரையொருத்தர் சுட்டுக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்தச் சட்டம். 2016-ல் விஸ்கான்ஸின் அரசு, 'பளீர் பிங்க்கும் போட்டுக்கொள்ளலாம்' என்று சலுகை கொடுத்தது. தாடி வைத்த ஆறடி ஆசாமிகள் எத்தனை பேர் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது தெரிந்தால் சுவாரஸ்யமாக இருக்கும்.

இதற்குப் பின்னால் கொஞ்சம் சரித்திரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மரக் கம்பெனிகள் அந்த வடக்குக் காடுகளை மொட்டையடித்தன. மானையும் கணக்கில்லாமல் சுட்டு, ரயிலேற்றி, பட்டணத்துக் கறிக்கடைகளுக்கு விற்றார்கள். 1900 வாக்கில் நாடு முழுவதும் வெள்ளைவால் மான் சுமார் ஐந்து லட்சம்தான் மிச்சம் என்பது மதிப்பீடு. பென்சில்வேனியாக்காரர்கள் 1906-ல் மிச்சிகனிலிருந்து மான் விலைக்கு வாங்கி வந்து காட்டில் விட வேண்டியிருந்தது. அடுத்த வருஷமே கொம்பு முளைத்த ஆண் மானைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். கறி விற்பனைக்கும் தடை வந்தது.

வெட்டின காட்டில் இளம் புதர் முளைத்தது. மானுக்கு அதுதான் கல்யாணச் சாப்பாடு. மரம் வெட்டிகள் விட்டுப்போன கொட்டகைகளில் வேட்டைக்காரர்கள் படுக்கை விரித்தார்கள். 1937-ல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வசூலிக்கும் வரிப் பணத்தை வனவிலங்குப் பாதுகாப்புக்கே ஒதுக்கினார்கள். சுடுகிறவன் கட்டும் வரியில் மான் வளர்கிறது! இன்றைக்கு சுமார் மூன்று கோடி. ஓநாயைப் பெரும்பாலான இடங்களில் எப்போதோ ஒழித்துவிட்டதால் மானைக் குறைக்க ஆளில்லை. காட்டில் கன்று முளைக்க விடாமல் மேய்கிறது, நெடுஞ்சாலையில் காரில் வந்து விழுகிறது. ஆகவே 'சுடாதே' என்று சொன்ன அரசாங்கமே இப்போது 'பெண் மானையும் கொஞ்சம் சுடுங்கள்' என்று கெஞ்சுகிறது.

மிச்சிகனின் வடபகுதி ஒரு தனித் தீபகற்பம். நடுவில் ஜலசந்தி. 1957 நவம்பர் 1-ந் தேதி மேக்கினா பாலம் திறக்கும் வரை காரைப் படகில் ஏற்றித்தான் போக வேண்டும். சீஸனுக்கு முந்தின நாட்களில் டெட்ராய்ட் கார்த் தொழிலாளிகளின் வண்டிகள் மைல் கணக்கில் க்யூவில் நிற்குமாம். தீபாவளிக்கு முந்தின ராத்திரி பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கு மேற்கொண்டு வர்ணனை தேவையில்லை.

ஃபாக்டரித் தொழிலாளி மட்டுமில்லை. வில்லியம் ஃபாக்னர் என்ற எழுத்தாளர் மிஸிஸிப்பி மாநிலத்துக்காரர். 1950 நவம்பரில் அவருக்கு நோபல் பரிசு அறிவிப்பு வந்தது. மனிதர் வழக்கம்போல் வருஷாந்திர வேட்டை முகாமுக்குக் கிளம்பிவிட்டார். 'ஸ்பீட்' படத்தில் கியானு ரீவ்ஸின் கூட்டாளியாக வந்த ஜெஃப் டேனியல்ஸ், மிச்சிகன் ஆசாமி. 35 வயதாகியும் ஒரு ஆண் மான்கூடச் சுடாத ஒருத்தன் கேம்ப்பில் படும் அவமானத்தை 1995-ல் நாடகமாகப் போட்டார். 2001-ல் அதையே சினிமாவாகவும் எடுத்தார். இங்கே 35 வயதாகியும் கல்யாணமாகாதவன் பண்டிகைக்கு ஊருக்குப் போனால் என்ன படுவானோ, அதேதான்.

என் சித்தப்பா பையன் மில்வாக்கியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். தயிர்சாதக் கோஷ்டி. முட்டை போட்ட கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவான். போன நவம்பரில் அவனுடைய ஆபீஸ் சிநேகிதர் தங்கள் குடும்ப கேம்ப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

"நான் வெஜிடேரியன்னு சொன்னேண்ணா. அதனால என்ன, எங்களுக்கு சமைக்க ஆள் வேணும்னுட்டார்."

வெளியே மைனஸ் பத்து டிகிரி. செல்போன் சிக்னல் கிடையாது. இவன் மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்த மிளகும் பருப்பும் கொண்டு ரசம் வைத்தான். விடியற்காலை நாலரைக்குக் காட்டுக்குப் போய், மரத்தடியில் சிலை மாதிரி உட்கார்ந்துவிட்டு, விறைத்துப்போய்த் திரும்பிய ஆறு பேர் அதைக் காபிக் கோப்பையில் வாங்கிக் குடித்தார்கள். இரண்டாம் நாள் அண்டாவில் வைக்கச் சொன்னார்களாம்.

சுவரில் சட்டைத் துணிகளைக் கிழித்து ஆணியடித்திருந்ததைப் பார்த்து, "துணி காயப்போட்டிருக்கா?" என்று கேட்டிருக்கிறான். இல்லை. குறி தவறியவனின் சட்டை வாலை வெட்டி, பெயர், வருஷம் எழுதிச் சுவரில் மாட்டுவது கேம்ப் சம்பிரதாயம். தாத்தாவின் சட்டை வாலுக்குக் கீழேயே பேரனுடையதும் தொங்கியதாம்.

அந்தக் கோஷ்டியில் 81 வயதுப் பெரியவர் ஒருவர். மூன்று வருஷமாகத் துப்பாக்கியைத் தொடவில்லை, கண் சரியில்லை. ஆனாலும் வருகிறார். வந்து பாத்திரம் தேய்க்கிறார். மான் விழுந்தால் அவருக்கும் சரிபங்கு. காட்டு மான் கறியை விற்கச் சட்டம் அனுமதிக்காது, கொடுக்கத்தான் முடியும். பென்சில்வேனியாவில் 1991-லிருந்து ஏழைகளுக்கு அன்னதானமாகக் கொடுப்பதற்கென்றே ஓர் ஏற்பாடு நடக்கிறது.

"மானை அறுக்கறதைப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"பார்க்கலைண்ணா. ஆனா அந்தப் பதினாலு வயசுப் பையன் முதல் மானைச் சுட்டுட்டு வந்து ராத்திரி பேசவே இல்லை. யாரும் அவனைக் கிண்டல் பண்ணலை. பெரியவர் அவன் பக்கத்துல போய் உட்கார்ந்துகிட்டார். அவ்வளவுதான்."

எனக்கு மானைச் சுடுவதில் இன்னமும் சம்மதமில்லை. ஆனால் கொன்றதற்காக ஒருவன் மௌனமாக இருக்கலாம் என்று சொல்லிக் கொடுக்கிற இடத்தை வெறும் கசாப்புக்கடை என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

இந்தச் சமாசாரமெல்லாம் இப்போது குறைந்துகொண்டு வருகிறது. விஸ்கான்ஸினில் 2000-ல் துப்பாக்கி மான் லைசென்ஸ் ஏழு லட்சத்தை நெருங்கியது. இப்போது ஐந்தரை லட்சத்தைச் சுற்றி நிற்கிறது. இளைஞர்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். ஆண்கள் குறையும்போது பெண்கள் வருகிறார்கள் என்பது ஒரு நல்ல சேதி. ஒரு காலத்தில் சீஸனில் தனியாக விடப்பட்ட மனைவிகளை 'வேட்டை விதவைகள்' என்று கேலி செய்து, அவர்களுக்கென்று கடைகளில் தள்ளுபடி விற்பனை போடுவார்கள். இப்போது சில விதவைகள் துப்பாக்கியோடு கேம்ப்புக்கே வந்துவிடுகிறார்கள்.

இன்னொரு கவலை, வியாதி. மானின் மூளையை அரித்து, எலும்பும் தோலுமாக்கித் தள்ளாட வைத்துக் கொல்லும் ஒரு நோய். 1967-ல் கொலராடோவில் தலைகாட்டியது, 2002-ல் விஸ்கான்ஸினில் கண்டுபிடித்தார்கள். முறுக்கிக்கொண்ட ஒரு புரதம்தான் காரணம். சமைத்தாலும் அழியாது. மனிதனுக்கு வந்ததாக இதுவரை நிரூபணமில்லை. இருந்தாலும் நோய் கண்ட மானைச் சாப்பிடாதே என்கிறார்கள் டாக்டர்கள். பரிசோதனை ரிஸல்ட் வரும்வரை கறி ஃப்ரீஸரில் காத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க யோசிக்கிறார்கள். பங்கு போட்டுச் சாப்பிடுவதற்கென்றே ஏற்பட்ட வழக்கத்தில், பங்கு போடவே பயம் வந்துவிட்டால் என்ன மிஞ்சும்?

உங்களை ஒன்று கேட்கிறேன். அப்பாவோடு சேர்ந்தாற்போல் ஒன்பது நாள், டி.வி. இல்லாமல், போன் இல்லாமல், ஒரே கூரைக்கடியில் கடைசியாக எப்போது இருந்தீர்கள்? ஆஸ்பத்திரி வார்டு கணக்கில் வராது. நமக்குத் துப்பாக்கி வேண்டாம், மானும் வேண்டாம். ஆனால் எதையாவது சாக்கு வைத்து வருஷத்துக்கு ஒரு வாரம் கூடுவதற்கு ஒரு கொட்டகை வேண்டியிருக்கிறது.

அந்தக் கேம்ப்பில் அடுப்புக்கு மேலே வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய காபிக் கோப்பை. இறந்துபோனவர்களின் கோப்பைகளை எடுப்பதில்லை. துடைத்து மறுபடி அங்கேயே மாட்டிவிடுகிறார்கள். கிளம்புகிற அன்றைக்குப் பெரியவர் சுத்தியலோடு வந்து கடைசியில் புதுசாக ஓர் ஆணி அடித்தாராம்.

என் தம்பி இப்போது ஒரு கிலோ மிளகு அனுப்பச் சொல்லியிருக்கிறான்.