தேக்காவில் சுவர் நிற்கும், கடை நிற்குமா?



“பேரங்காடியில் விலை குறைவு. பிறகு எதற்குத் தேக்கா வரைக்கும் போக வேண்டும்?” இப்படிக் கேட்கும் குடும்பத்தை நாம் குறை சொல்லப் போவதில்லை. 2024 முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. மாதக் கடைசியில் காசை எண்ணிப் பார்க்கும் தாயிடம் போய், நம்மவர் கடையில்தான் வாங்க வேண்டும் என்று பாடம் நடத்துவது சுலபம். வீட்டில் உலை வைக்க வேண்டியவர் அவர்தானே!

பேரங்காடி என்றாலே எதிரி என்று பேசுவோர் கொஞ்சம் பழைய கதையையும் பார்க்க வேண்டும். 1973ல் விலைவாசி தாறுமாறாக ஏறியபோது தொழிற்சங்கக் காங்கிரஸ் தோ பாயோவில் ‘வெல்கம்’ என்ற கூட்டுறவுக் கடையைத் திறந்தது. தொழிலாளிக்காகத் திறந்த கடை அது. 1983ல் இன்னொரு கூட்டுறவோடு இணைந்து ஃபேர்பிரைஸ் ஆனது. இன்று தீவு முழுதும் 80க்கு மேற்பட்ட கிளைகள் வைத்திருக்கும் ஷெங் சியோங், 1985ல் ஆங் மோ கியோவில் ஒரே ஒரு கடைதான். முஸ்தஃபாவும் 1971ல் கேம்பல் லேனில் ஆயத்த ஆடை விற்ற சிறு கடையே. அது வளர்ந்ததால் தேக்காவுக்குக் கூட்டம் வந்தது என்பாரும் உண்டு. பக்கத்துக் கடைக்காரர் நலிந்தார் என்பாரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

ஆகவே கடையின் அளவோடு நமக்குச் சண்டை இல்லை. சண்டை வாடகையோடு.

1989ல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரம் என்று அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் பாதுகாப்பு கிடைத்தது சன்னலுக்கும் தூணுக்கும் ஓட்டுக்கூரைக்கும். உள்ளே உட்கார்ந்து பூக் கட்டுகிறவருக்கும் மசாலா அரைக்கிறவருக்கும் அல்ல. 2001ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முற்றாக நீக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த சில்லறைக் கடைக் குத்தகைச் சட்டம், ஒப்பந்தம் நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது. வாடகைக்கு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. நாற்பது கிளை உள்ள நிறுவனம் ஓரிடத்து வாடகையை மற்ற இடத்து லாபத்தில் தாங்கிக்கொள்ளும். ஒரே கடை வைத்திருப்பவர் எதைக் கொண்டு தாங்குவார்?

அந்தக் கடை போனால் என்ன போகும் என்று கேட்கலாம். “எழுதி வையுங்க அண்ணே, சம்பளம் வந்ததும் தர்றேன்” என்று தானியங்கி முகப்பிடம் சொல்ல முடியாது. ஐம்பது காசுக்குக் கறிவேப்பிலை கொடு என்றும் கேட்க முடியாது. ஆடி வெள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று தெரியாத இளம் மருமகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவர் அந்தக் கடைக்கார அக்காதான். தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. பெயர்ப்பலகையில் இருக்கிறது, பள்ளியில் இருக்கிறது. நம் பிள்ளை தமிழில் விலை கேட்டு, தமிழில் மீதிச் சில்லறை வாங்கும் இடம் எத்தனை மிச்சம்? எங்களுக்கு இது வெறும் வியாபாரப் பிரச்சினையாகத் தோன்றாததற்கு இதுவே காரணம்.

தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்த நம் தம்பிமாரையும் மறக்கக் கூடாது. ஞாயிறு தோறும் அவர்கள் வந்து வாங்கியதில்தான் பல சிறு கடைகள் பிழைத்தன. 2013 டிசம்பர் 8 கலவரத்துக்குப் பின் வந்த கட்டுப்பாடுகளும், 2020ல் கொரோனா காலத்து விடுதி அடைப்பும் அந்தக் கடைகளை இரண்டு முறை சாய்த்தன. விடுதிக்குள்ளேயே கடை இருக்கும்போது தேக்காவுக்கு ஏன் வருகிறார்கள் என்று கேட்பவர்கள், ஒரு ஞாயிறு மாலை ரேஸ் கோர்ஸ் சாலையில் நின்று பார்க்கட்டும்.

2012ல் இந்திய அரசு பலவகைச் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டை அனுமதித்தபோது, தமிழ்நாட்டில் இடமில்லை என்று முதல்வர் ஜெயலலிதா சொன்னார். சிங்கப்பூரில் அப்படிக் கதவடைக்க முடியாது. அடைக்கவும் நாம் கேட்கவில்லை. நாம் கேட்பது, நகர மறுசீரமைப்பு ஆணையம் கட்டடத்தைக் காப்பதுபோல, அங்கே தலைமுறையாக நடக்கும் தொழிலுக்கும் ஒரு பங்கு இடத்தைக் கட்டுப்படியாகும் வாடகையில் ஒதுக்க வேண்டும் என்பதே.

அதுவரை உங்கள் கையிலும் ஒன்று இருக்கிறது. 2023 முதல் சிடிசி பற்றுச்சீட்டில் ஒரு பாதியைப் பேரங்காடியில் செலவிடலாம். மறு பாதி உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும் மட்டும். பலர் இந்த மறு பாதியைக் காப்பிக்கும் ரொட்டிக்குமே முடித்துவிடுகிறார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு ஒட்டுவில்லை உள்ள மளிகைக் கடை உங்கள் புளோக்குக்குக் கீழேயே இருக்கலாம். வாடகை உயர்வுக் கடிதம் வந்த கடைக்காரர் உங்களுக்குத் தெரிந்தவரா? அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு, அவரிடம் வாங்கும் நாலு குடும்பமும் கூடவே போங்கள்.