புயல் கட்டுரை எழுதுவது ஆய்வாகாதா?

கடந்த மாதம் நடந்த எனது ஆய்வு முன்னேற்ற மீளாய்வில், குழு உறுப்பினர் ஒருவர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை விரலால் தட்டியபடி கேட்டார்: "விக்கிப்பீடியாவில் புயல்களைப் பற்றி எழுதுவதையெல்லாம் எதற்காக இங்கே குறிப்பிட்டிருக்கிறீர்கள்? யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதும் இடமல்லவா அது?" அறையில் சிரிப்பு எழுந்தது. என் நெறியாளரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். உதவித்தொகைப் படிவத்தில் இன்னும் ஒரு கையொப்பம் மீதமிருந்தது. அன்று அந்த அறையில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளும், பொறுத்தருள்க.

ஓர் எண்ணிலிருந்து தொடங்குகிறேன். 1737 அக்டோபரில் கல்கத்தாவையும் ஊக்ளிக் கழிமுகத்தையும் தாக்கிய பேரிடரில் 3 இலட்சம் பேர் மாண்டனர் என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. சில நூல்களில் அது புயல், சிலவற்றில் நிலநடுக்கம். உலகின் கொடிய நிலநடுக்கங்களின் பட்டியலில்கூட அது இடம்பெற்றிருந்தது. நிலநடுக்கவியலாளர் ரோஜர் பில்ஹாம் 1994இல் வெளியிட்ட கட்டுரையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களைத் திரும்பப் படித்துக் காட்டினார். கம்பெனி அலுவலரின் அறிக்கையில் இருந்தது புயலும் வெள்ளமும். நகரில் இறந்தோராக அது சொன்ன எண்ணிக்கை 3,000. அன்றைய கல்கத்தாவின் மக்கள்தொகையே ஏறத்தாழ 20,000தான். இருபதாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் மூன்று இலட்சம் பேர் இறப்பதற்குத் தனித் திறமை வேண்டும். கழிமுகக் கிராமங்களின் இழப்பை எவரும் எண்ணவில்லை என்பது வேறு துயரம். ஆனால் கப்பல்காரர்கள் கொண்டு சென்ற வதந்தி ஐரோப்பிய இதழ்களில் அச்சேறி, அங்கிருந்து நூல்களுக்கும், நூல்களிலிருந்து நம் பேரிடர் மேலாண்மைப் பாடக்குறிப்புகளுக்கும் நடந்து வந்திருக்கிறது. ஒவ்வொருவரும் முந்தையவரை மேற்கோள் காட்டினார்கள். மேற்கோள் கூடக் கூட எண் உண்மையாகிக்கொண்டே போனது.

"யார் வேண்டுமானாலும் எழுதும் இடத்தில்" இந்தப் புயலுக்கென்று ஒரு பக்கம் உண்டு. அங்கே பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் அதன் மீதான ஐயமும் சான்றோடு பதிவாகியிருக்கிறது. வேறு சில பட்டியல்களில் பழைய எண் இன்னும் பதுங்கியிருக்கலாம். சுட்டினால் திருத்த முடியும். ஆண்டுதோறும் மறு அச்சாகும் பாடநூலில் அதைத் திருத்த யாரிடம் போவது?

நான் இந்தப் பணிக்கு வந்தது 2020 மே மாதத்தில், முதுகலை மொழியியல் மாணவனாக, ஊரடங்கில் வீட்டில் அடைபட்டுக் கிடந்தபோது. மே 16 அன்று வங்கக் கடலில் உருவான ஆம்பன் இரண்டே நாளில் சூப்பர் புயலாயிற்று. 1999 ஒடிசாப் புயலுக்குப் பின் வங்கக் கடல் காணாத வலிமை அது. 20ஆம் நாள் சுந்தரவனத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. அந்த நாட்களில்தான் முதன்முறையாக ஒரு கட்டுரையின் 'வரலாறு' பொத்தானை அழுத்திப் பார்த்தேன். எங்கோ ஒருவர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கை வரும்போதெல்லாம் காற்றின் வேகத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் தொலைக்காட்சி ஒன்று சொன்ன பலி எண்ணிக்கையை நீக்கி, "சான்று எங்கே?" என்று கேட்டிருந்தார். மூன்றாமவர் அறிக்கையின் இணைப்பை இணையக் காப்பகத்தில் சேமித்துக்கொண்டிருந்தார், நாளை அந்த முகவரியில் வேறு அறிக்கை வந்துவிடக்கூடும் என்று. எவருக்கும் ஊதியம் இல்லை, பெயரும் இல்லை. ஒரு சொல்லை மாற்றினாலும் ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி எழுதினார்கள். எம்.ஏ. படிப்பின் இரண்டு ஆண்டுகளில் எந்த ஆசிரியரும் என்னிடம் கேட்காத கேள்விகளை அந்தப் பக்கத்தில் முகம் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பள்ளி மாணவர்களும் உண்டு என்று பின்னர் அறிந்தேன்.

அங்கே எல்லாம் செம்மை என்று சொல்ல வரவில்லை. முதற்குறை ஒரு நிறம். ஆங்கிலப் பக்கங்களில் புயலின் பாதையைக் காட்டும் வரைபடத்தின் புள்ளிகள் சாஃபிர்–சிம்ப்சன் அளவுகோலின்படி நிறம் பெறுகின்றன. அது அமெரிக்கர் இருவர் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியது. ஒரு நிமிடச் சராசரிக் காற்றை மட்டுமே அளவாகக் கொள்வது. வட இந்தியப் பெருங்கடலுக்கு உலக வானிலை அமைப்பு ஏற்ற மண்டல மையம் புது தில்லியில் இருக்கிறது. அது பயன்படுத்துவது மூன்று நிமிடச் சராசரி. தாழ்வு மண்டலம் முதல் சூப்பர் புயல் வரை அதன் பகுப்பும் வேறு. தகவற்பெட்டியில் இரண்டு அளவுகளும் தரப்படுகின்றன என்றாலும் கண்ணில் முதலில் படுவது நிறம்தானே. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். தில்லியின் பகுப்பில் அது வெறும் 'புயல்'. அமெரிக்க அளவுகோலில் முதற்படியைக்கூட எட்டவில்லை; வரைபடத்தில் மெல்லிய சாதுவான நிறம். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதும், மறுநாள் திருவண்ணாமலை மலைச்சரிவில் ஏழு பேர் புதையுண்டதும் அந்த நிறத்துக்குத் தெரியாது. மழைக்கும் கடல் பொங்கலுக்கும் அந்த அளவுகோலில் இடமே கிடையாது. வங்கக் கடலின் வரலாற்றில் ஆட்களைக் கொன்றது பெரும்பாலும் தண்ணீர்தான். 1970 நவம்பரில் போலாவில் 3 முதல் 5 இலட்சம் பேரைக் கொண்டு சென்றது கடல்.

இதைப் பேச்சுப் பக்கங்களில் சொன்னால், "உலகம் முழுவதற்கும் சீர்மை வேண்டும்" என்று பதில் வரும். எவருடைய அளவு சீர்மையாகிறது என்பதே என் கேள்வி. ஆயினும் இந்தச் சண்டையை அங்கே போட முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2022இல் ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழு, வெப்பமண்டலப் புயல் திட்டத்தைச் சேர்ந்த சிலர் டிஸ்கார்டில் தனியே கூடிப் பேசி விவாதங்களுக்கு ஆள்சேர்த்தது குறித்து விசாரித்து நடவடிக்கை எடுத்தது. குற்றச்சாட்டு, சான்று, தீர்ப்பு எல்லாம் இன்றும் எவரும் படிக்கக்கூடிய பக்கங்களில் கிடக்கின்றன. நம் பல்கலைக்கழகங்களில் கருத்துத் திருட்டு விசாரணை ஒன்றின் குறிப்பை உங்களில் எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்?

அடுத்தது வளம். நிலத்தையே தொடாமல் அட்லாண்டிக் நடுக்கடலில் கரைந்துபோன புயல்களுக்கும் அங்கே நேர்த்தியான நீண்ட கட்டுரைகள் உண்டு. ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற வங்கக் கடற்புயல்கள் சில குறுங்கட்டுரைகளாய்க் கிடக்கின்றன. வெள்ளையர் மனச்சாய்வு என்று இதை ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அது பாதிதான் உண்மை. அமெரிக்க நடுவண் அரசின் ஆக்கங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. அவர்களுடைய தேசியச் சூறாவளி மையம் ஒவ்வொரு புயலுக்கும் ஓர் அறிக்கை எழுதி வெளியிடுகிறது, எவரும் எடுத்தாளலாம். நம் பதிப்புரிமைச் சட்டமோ அரசு ஆக்கங்களுக்கு 60 ஆண்டு உரிமை தருகிறது. அதன் விளைவைப் பாருங்கள். வங்கக் கடலில் எழும் புயலை இன்சாட் படம் பிடிக்கிறது, நம் வரிப்பணத்தில். கட்டுரையின் தலைப்பில் நிற்பதோ பெரும்பாலும் நாசாவின் படம். அரசுத் தரவுகளுக்கென 2017இல் ஒரு திறந்த உரிமம் வந்தது; எது அதன் கீழ் வரும், எது வராது என்பதைத் தன்னார்வலர்கள் வழக்கறிஞர்களைப் போல் வாதாடித்தான் தீர்க்கவேண்டியிருக்கிறது. தேசப்பற்றைப் பேசும் கருத்தரங்குகளில் இதை ஒருவரும் பேசக் கேட்டதில்லை.

இனி என் துறைக்கு வருகிறேன். 'சைக்ளோன்' என்னும் சொல் பிறந்த இடம் கல்கத்தா. 1840களில் அங்கே பணியாற்றிய ஹென்றி பிடிங்டன் சுருண்ட பாம்பை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை ஆக்கினார். 2019இல் பூரியைத் தாக்கிய புயலுக்கு வங்கதேசம் தந்த பெயர் ஃபணி, அதுவும் பாம்புதான். வங்காள ஒலிப்பில் 'ஃபொணி'. ஆங்கில எழுத்தின் வழியே தமிழுக்கு வந்தபோது அது ஃபானியாகவும் ஃபனியாகவும் ஆயிற்று. அதே வடசொல் 'பணி' என்ற உருவில் பாம்பைக் குறித்து நம் அகராதிகளில் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒரு செய்தி மேசையும் கவனிக்கவில்லை. மியான்மர் தந்த பெயரை ரோமன் எழுத்தில் ஒருவிதமாக எழுதி, 'மிக்ஜாம்' என்று படிக்கவேண்டும் என வானிலைத் துறை அடைப்புக்குறிக்குள் சொன்னது. ஃபெங்கலா ஃபெஞ்சலா என்று இரண்டு நாட்கள் ஊரே குழம்பியது. எச்சரிக்கை ஒரு பெயரிலும் தேடல் இன்னொரு பெயரிலும் போனால் என்ன ஆகும்? தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்கொரு எளிய கருவி உண்டு: வழிமாற்று. எந்த எழுத்துக்கூட்டலில் தேடினாலும் ஒரே பக்கத்துக்குக் கொண்டு சேர்க்கும். ஒலிபெயர்ப்புக் கோட்பாடு பற்றி நான் எழுதிய இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகளைவிட, உருவாக்கிய சில வழிமாற்றுகள் கூடுதலாகப் பயன்பட்டிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கலைச்சொல்லிலும் இதே அவலம். வானிலைத் துறையின் பகுப்பில் 'வெரி சிவியர்' ஒரு படி, 'எக்ஸ்ட்ரீம்லி சிவியர்' அதற்கு மேற்படி. பின்னது 2015இல்தான் சேர்ந்தது. தமிழில் ஒன்றை 'மிகத் தீவிரம்' என்றும் மற்றதை 'அதிதீவிரம்' என்றும் எழுதுகிறோம். மிக, அதி இரண்டில் எது பெரிது? ஒன்று தமிழ், மற்றது வடமொழி, தரவரிசை இல்லை. இயந்திர மொழிபெயர்ப்பு இன்னும் மோசம். புயல் கரையைக் கடந்ததைச் சொல்லும் வரி, நான் கண்ட ஒரு வரைவில், 'நிலச்சரிவை ஏற்படுத்தியது' என்று வந்திருந்தது. மலையே இல்லாத கடற்கரையில் நிலச்சரிவு. அதைத் திருத்தியவர் பெயரற்ற ஒரு பயனர். தமிழ்நாட்டில் இத்தனை தமிழ்த்துறைகள், மொழியியல் துறைகள். இந்தப் படிநிலைச் சொற்களை ஒழுங்கு செய்ய எவருக்கும் நேரம் இல்லை. பணம் கட்டினால் ஐஎஸ்பிஎன் எண்ணோடு வெளிவரும் தொகுப்புக்கு மட்டும் ஆண்டுதோறும் கட்டுரை தர நேரம் இருக்கிறது. அதற்கு மதிப்பெண் உண்டல்லவா.

"விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டாதே" என்று மாணவர்க்குச் சொல்வது சரி. விக்கிப்பீடியாவே அதைத்தான் சொல்கிறது. கலைக்களஞ்சியம் எதுவானாலும் ஆய்வேட்டுக்கு அது வாசல், கருவறை அன்று. ஆனால் மேற்கோள் காட்டாதே என்பதற்கும் எழுதாதே என்பதற்கும் இடையே கடலளவு தூரம். அந்த எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டு இரவில் அதே பக்கத்தைப் பார்த்து மறுநாள் வகுப்புக்குக் குறிப்பெடுக்கும் ஆசிரியர்களை நான் அறிவேன், நீங்களும் அறிவீர்கள். வானிலைத் துறையின் 'மௌசம்' காலாண்டிதழ் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் நம் கடற்கரைப் புயல்களைப் பற்றி உள்ளவற்றை எளிய தமிழில் மக்கள் முன் வைக்க ஒரு புவியியல் துறை ஒரு பருவத்துக்கு ஒரு வகுப்பை ஒதுக்கினால் போதும். பிழை கண்டால் திரைப்படம் பிடித்துக் குழுவில் பகிர்ந்து சிரிக்கிறீர்கள். அதே நேரத்தில் அதைத் திருத்தியும் விடலாம்.

ஒன்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். 2017இல் ஒக்கி வந்தபோது குமரியிலும் கேரளத்திலும் ஆழ்கடலுக்குச் சென்ற மீனவர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பவில்லை. கட்டுரையின் தகவற்பெட்டியில் இறந்தோருக்கு ஒரு வரி, காணாமற்போனோருக்கு ஒரு வரி. இந்த இரண்டு வரிகளுக்கிடையே எண்ணை எப்போது, எந்தச் சான்றின் பேரில் நகர்த்துவது என்பதுதான் அத்தகைய பக்கங்களில் ஓயாத சிக்கல். அந்தக் குடும்பங்களுக்கும் அதுவேதான் சிக்கலாக இருந்தது. சான்றிதழ், இழப்பீடு, சடங்கு எல்லாம் எந்த வரி என்பதைப் பொறுத்தவை. அந்தப் பக்கத்தின் பழைய பதிப்புகளைப் படித்த பிறகு, எண்களைக் குறித்த என் விளையாட்டுத்தனம் போய்விட்டது.

அடுத்த மீளாய்வு ஆறு மாதம் கழித்து. படிவத்தில் 'பிற ஆய்வுப் பணிகள்' என்றொரு கட்டம் இருக்கிறது. இந்த முறை அதில் கட்டுரைகளின் தலைப்பை மட்டுமல்ல, ஒவ்வொன்றின் திருத்த வரலாற்று இணைப்பையும் சேர்த்து எழுதப்போகிறேன். குழுவினர் விரும்பினால் அங்கேயே பிழை திருத்தலாம். கணக்குத் தொடங்கக்கூடத் தேவையில்லை.