எழுதிப் பிழைப்பவர் வீட்டு வரவு செலவு

தமிழ்நாட்டில் எழுத்தாளரைக் கௌரவிக்கத் தெரியாதவர் எவருமில்லை. மேடை போடுகிறோம், மாலை போடுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். வருஷத்தில் பத்துக் கூட்டங்களுக்குப் போய் வருகிறவர் வீட்டு அலமாரியில் பத்துப் பொன்னாடைகள் சேர்ந்துவிடுகின்றன. அவற்றைப் போர்த்திக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக முடியாது. கொடுத்துக் கால் கிலோ புளி வாங்கவும் முடியாது. கூட்டம் முடிந்து இரவு பத்து மணிக்கு அவர் பஸ் நிலையத்தை நோக்கி நடக்கும்போது, "போக வரச் செலவு என்ன ஆயிற்று?" என்று கேட்பதற்கு மட்டும் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. பணத்தைப் பற்றிப் பேசினால் எழுத்தாளரின் மனம் புண்பட்டுவிடும் என்று சபைக் காரியதரிசிகள் நினைக்கிறார்கள். பேசாமலிருந்தால்தான் புண்படுகிறது என்பதை எந்த எழுத்தாளரும் மேடையில் சொல்வதில்லை. மைக்கின் முன்னால் நின்று அதை எப்படிச் சொல்வது?

நாம் இங்கே சொல்வது உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்களைப் பற்றியல்ல. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் நம் போன்றவர்களுக்கு மாதம் முடிந்தால் சம்பளம் வந்துவிடுகிறது. கட்டுரைக்கு வரும் பணம் கோடையில் குழந்தைகளுக்கு மாம்பழம் வாங்க உதவும். வராவிட்டால் மாம்பழம் இல்லை, அவ்வளவுதான். பத்திரிகைக் காரியாலயத்தில் நாற்காலி உள்ளவர்களைப் பற்றியும் நமக்கு இப்போது பேச்சில்லை. நாற்காலியும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை, பேனா ஒன்றே துணை என்று வீட்டிலிருந்தபடி எழுதிக் குடும்பம் நடத்துகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய வரவு செலவைப் பற்றித்தான் சிறிது பார்க்க விரும்புகிறோம்.

அத்தகைய நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. இருபது வருஷமாக எழுத்தும் மொழிபெயர்ப்பும்தான் அவருக்கு ஜீவனம். அவர் ஒரு நீள நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். இடது பக்கத்தில் 'வர வேண்டியது', வலது பக்கத்தில் 'வந்தது'. இடது பக்கத்தை மட்டும் பார்த்தால் அவர் கனவான். வலது பக்கத்தைப் பார்த்தால் கடன்காரர். இரண்டு பக்கத்திலும் உண்மையைத் தவிர வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.

பத்திரிகைக் கட்டுரையின் யாத்திரை எப்படி என்று கேளுங்கள். நண்பர் எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறார். அது ஒரு விநாடியில் சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 'கிடைத்தது' என்ற ஒரு சொல் திரும்பி வர மூன்று வாரம். அச்சேற இரண்டு மாதம். பணம் கொடுப்பது அச்சேறிய பிறகுதான் என்பது வழக்கமாதலால், அதற்கப்புறம் கணக்குப் பிரிவின் தயவு. கடைசியில் வருமான வரிப் பிடித்தம் போக மீதி வங்கிக்கு வருகிறது. பிடித்த வரியைத் திரும்பப் பெற அடுத்த வருஷம் விண்ணப்பம் போட வேண்டும். வாழைக்காய்க்காரியிடம் இந்த முறையில் வியாபாரம் பேசிப் பார்க்க யாருக்காவது துணிவு உண்டா? "காயை இன்று கொடு, சமைத்துப் பார்க்கிறோம், நன்றாயிருந்தால் ஐப்பசியில் பணம்" என்று சொன்னால் கூடையால் அடிப்பாள்.

புத்தகம் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். ராயல்டி நூற்றுக்குப் பத்து என்று பேச்சு. இருநூறு ரூபாய்ப் புத்தகம் முந்நூறு பிரதி அச்சடித்து, அத்தனையும் விற்றால் ஆசிரியருக்கு ஆறாயிரம் ரூபாய். அத்தனையும் விற்றால்! ஒன்றரை வருஷ உழைப்புக்கு இது கூலி. பதிப்பாளரையும் முற்றும் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. நூலக ஆணை வரட்டும் என்று அவர் காத்திருக்கிறார். ஆணை வந்த பிறகு நூலகப் பணம் வரட்டும் என்று காத்திருக்கிறார். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வரட்டும் என்று காத்திருக்கிறார். ஆனால் காகிதக் கடைக்காரரும், அச்சகத்தாரும், பைண்டரும் காத்திருப்பதில்லை. அவர்கள் கையில் பணம் வைத்தால்தான் வேலை நடக்கும். அந்த வரிசையில் கடைசியில் நிற்பவர், புத்தகத்தை எழுதியவர்.

வீட்டு வாடகைக்கு இந்தத் தத்துவங்கள் ஒன்றும் தெரியாது. ஐந்தாம் தேதி அது வந்துவிடுகிறது. நண்பர் சென்ற வருஷம் வீடு மாற வேண்டியிருந்தது. "எங்கே வேலை?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "எழுதுகிறேன்" என்றார் நண்பர். "அது சரி சார், வேலை எங்கே?" என்று அவர் மறுபடி கேட்டாராம். வங்கியில் மகளின் படிப்புக்குக் கடன் கேட்டபோது சம்பளச் சீட்டு கொண்டுவரச் சொன்னார்கள். அச்சில் வந்த கட்டுரைகளை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு போயிருந்தார், பாவம். மானேஜர் மரியாதை தெரிந்தவர். இரண்டு கட்டுரைகளை அங்கேயே படித்துப் பாராட்டினார். கடன் மட்டும் கிடைக்கவில்லை.

தீபாவளி மலர்க் காலம்தான் இவர்களுக்கு அறுவடை. ஆவணி பிறந்தால் நான்கு இடத்திலிருந்து கதை கேட்டுக் கடிதம் வருகிறது. நண்பரின் மனைவி ஒருநாள் நமக்குக் காபி கொடுத்துக்கொண்டே சொன்னார்: "பட்டாசு வாங்க வேண்டுமென்று கதை எழுதினார், அண்ணா. பணம் கரும்பு வாங்குகிற சமயத்துக்கு வந்தது." இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நம்மால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை.

இது இன்று பிறந்த வியாதியன்று. இங்கிலீஷ் இலக்கியத்தில் ஜாம்பவானென்று நாம் காலேஜில் படித்த டாக்டர் ஜான்ஸன், தாம் தொகுத்த பெரிய அகராதி வெளிவந்த மறு வருஷம், 1756-ல், ஆறு பவுனுக்கும் குறைந்த ஒரு கடனுக்காகக் கைதானார். நாவலாசிரியர் ரிச்சர்ட்ஸன் பணம் அனுப்பி மீட்டார். 1759-ல் தாயார் இறந்தபோது அந்திமச் செலவுக்காக ஒரு வாரத்தின் மாலை வேளைகளில் எழுதி முடித்ததுதான் 'ராஸலஸ்' என்ற கதை. அதைப் பரீட்சைக்குப் படித்த நாளில் அந்தக் கதையின் நீதியைப் பற்றி நமக்குப் பத்துக் கேள்வி வந்தது. அந்தச் செலவைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

நம் பாரதியார் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நாம் அதைச் சொல்லும் விதத்தில் நமக்கு ஒரு வருத்தம் உண்டு. சமையலுக்கு வைத்திருந்த அரிசியை அவர் குருவிகளுக்கு இறைத்தார் என்ற கதையை மேடைக்கு மேடை சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். அன்று மத்தியானம் செல்லம்மாள் எந்த வீட்டுக்குப் போய் அரிசி கேட்டார் என்று எந்தப் பிரசங்கியும் விசாரிப்பதில்லை. கவிஞருக்குப் பணத்தைப் பற்றிய நினைவே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. 1920-ல் கடையத்திலிருந்து அவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் நூல்களை நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதி அச்சிடப் போவதாகவும், அதற்கு வட்டியுடன் கடன் தர வேண்டுமென்றும் நண்பர்களைக் கேட்டார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் போல, அவற்றைக் காட்டிலும் எளிதாக, அவை வீடுதோறும் செலவாகும் என்பது அவர் போட்ட கணக்கு. கடன் கொடுக்க நாடு முன்வரவில்லை. அதே வருஷம் மறுபடியும் சுதேசமித்திரனில் உத்தியோகத்துக்குப் போனார்; 1921 செப்டம்பரில் காலமானார்.

கணக்கில் பிழை இருந்ததா? புத்தகங்கள் பிற்காலத்தில் அவர் சொன்னபடியே செலவாயின. பாட்டுக்களை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை வியாபாரப் பொருளாகிக் கைமாறியது. 1949-ல் சென்னை அரசாங்கம் உரிமையை ஏற்றது. தம் வசமிருந்த இசைத்தட்டு உரிமையை ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் விலை வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பாட்டு தேசத்தின் சொத்தாயிற்று. அதில் நமக்குப் பரம சந்தோஷம். ஆனால் கவிஞர் மண்ணெண்ணெய்க் கணக்குப் போட்டது 1920-ல். இடையில் இருபத்தொன்பது வருஷம்.

சி.சு. செல்லப்பா கடன் கேட்டுச் சுற்றறிக்கை விடவில்லை. மூட்டையைத் தாமே தூக்கினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற அவர் 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குப் போய் விற்றவர். 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலை எண்பத்தைந்து வயதை எட்டும் காலத்தில் தாமே வெளியிட்டார். 1998-ல் மறைந்தார். அந்த நாவலுக்கு 2001-ல் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது. பரிசு கொடுப்பதில் நமக்குள்ள நிதானம் வேறு எந்தத் தேசத்துக்கும் வராது!

எழுத்தாளர் பணக்காரராக வேண்டுமென்று நாம் வாதாடவில்லை. சுதேசித் துணி நெய்தவனுக்கு நியாயமான கூலி போய்ச் சேர வேண்டுமென்று கதர்க் காலத்தில் நம் முன்னோர் வீட்டுக்கு வீடு பேசினார்கள். சுதேசிச் சொல் நெய்கிறவனுக்கும் அந்த நியாயம் உண்டா இல்லையா? ஒரு புத்தகத்தைப் பதினைந்து பேர் இரவல் வாங்கிப் படித்துவிட்டு, பதினாறாவது ஆசாமி ஆசிரியரிடமே, "ஒரு காப்பி கொடுங்கள், படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்கிறேன்" என்று கேட்கிற நாடு இது. அப்படிக் கேட்பவர் இருநூற்றைம்பது ரூபாய் கொடுத்து ஓட்டலில் பிரியாணி சாப்பிடத் தயங்குவதில்லை. ஓட்டல் முதலாளியிடம் ஒரு தட்டு இலவசமாகக் கேட்டு, அபிப்பிராயம் சொல்வதாக வாக்களித்ததாகவும் தெரியவில்லை.

பத்திரிகை முதலாளிகளிடம் ஒரு விண்ணப்பம். (இந்தப் பாராவை ஆசிரியர் வெட்டாமல் விடுவாரானால் அவருடைய பெருந்தன்மையைப் போற்றுவோம்.) தொகை சிறிதாயிருந்தாலும் நாள் நிச்சயமாயிருக்கட்டும். வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம், மின்சாரக் கட்டணம் எல்லாம் நாளைப் பார்த்து வருகின்றன. எழுத்துக்கூலி மட்டும் சகுனம் பார்த்து வருகிறது. போடப் போவதில்லையென்றால் அதையும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். வேறிடத்துக்கு அனுப்பிப் பிழைத்துக்கொள்வார்கள். ஏற்றுக்கொண்ட அன்றே பாதி, அச்சேறிய வாரம் மீதி என்று ஒரு வழக்கம் செய்தால் எந்தக் காரியாலயமும் மூழ்கிவிடாது. மலருக்குக் கதை கேட்டு எழுதும் கடிதத்திலேயே, இன்ன தொகை, இன்ன தேதியில் என்று ஒரு வரி சேர்க்கலாம். அந்தத் தேதி தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னதாக இருந்தால் நம் நண்பர் வீட்டில் பட்டாசு வெடிக்கும்.