விமானியின் மனநலமும் மருத்துவச் சான்றிதழும்

விமானம் ஓட்ட விழைவோர்க்குக் கல்வியும் பயிற்சியும் மட்டும் போதா. உடலும் உள்ளமும் அப்பணிக்கு ஏற்ற நிலையில் உள்ளன என்று மருத்துவர் சான்று தருதல் வேண்டும். அச்சான்றிதழ் இல்லையேல், பல்லாயிரம் மணி நேரம் பறந்த பட்டறிவு உடையவரும் விமானியின் இருக்கையில் அமர இயலாது. ஒருமுறை பெற்றால் போதும் என்பதும் இல்லை. குறித்த காலந்தோறும் அதனைப் புதுப்பித்தாக வேண்டும். நூற்றுக்கணக்கானோரின் உயிரை ஓரிருவர் கையில் ஒப்படைக்கும்போது இத்தகைய கட்டுப்பாடு தேவை என்பதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை.

ஆனால், முன்னொரு காலத்தில் மனச்சோர்வு நோய்க்கோ மனப்பதற்றத்திற்கோ மருத்துவம் பெற்று, இன்று நலமுடன் இருக்கும் ஒருவர் இச்சான்றிதழை வேண்டி நின்றால் என் செய்வது? ஐயம் எழுந்தால் கதவை அடைத்துவிடுவதே பல நாடுகள் நெடுங்காலம் கைக்கொண்ட வழியாகும். அவ்வழி பயணிகளைக் காக்கவில்லை. நோயை மறைவிடத்திற்கு அனுப்பி வைத்தது என்பதே என் துணிபு.

அமெரிக்க நாட்டு நடைமுறையை முதற்கண் நோக்குவோம். அங்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டுவோர் நிரப்பும் விண்ணப்பத்தில், மனநலக் குறைபாடு எதுவும், மனச்சோர்வோ பதற்றமோ, வாழ்நாளில் எப்போதேனும் கண்டறியப்பட்டதுண்டா என்றொரு வினா உள்ளது. ‘ஆம்’ என்று எழுதினால், பல நேரங்களில் மருத்துவர் உடனே சான்றிதழ் தருவதில்லை. விண்ணப்பம் மத்திய விமானப் போக்குவரத்து நிருவாகத்திற்குச் செல்லும். பழைய மருத்துவக் குறிப்புகள், மனநல வல்லுநரின் அறிக்கை, அறிவாற்றல் தேர்வு எனத் தேவைகள் அடுக்கடுக்காக வரும். மாதங்கள் கழியும், சிலருக்கு ஆண்டுகளும் கழியும். செலவு பெரும்பாலும் விண்ணப்பித்தவர் தலையிலேயே விழும். ‘இல்லை’ என்று பொய் எழுதினாலோ 5 ஆண்டு வரை சிறையும், 2,50,000 டாலர் வரை தண்டமும் உண்டு. எனினும், உண்மை எழுதினால் இழப்பு உறுதி, பொய் எழுதினால் அகப்படுதல் ஐயம் என்னும் நிலையில், எளிய மனிதர் எவ்வழி செல்வர் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

2010 ஏப்ரல் வரை அந்நாட்டில் மனச்சோர்வுக்கான மருந்தை உட்கொள்ளும் விமானி பறக்கவே இயலாது. அவர்முன் இருந்தவை மூன்று வழிகள்: மருந்தை விட்டுப் பறத்தல், பணியை விட்டு மருந்து உண்ணல், இரண்டையும் மறைவாகச் செய்தல். முதலாவதும் மூன்றாவதும் பயணிகளுக்குத் தீங்கானவை. இரண்டாவது விமானியின் குடும்பத்தை வாட்டுவது. 2010-இல் அந்நிருவாகம் தன் கொள்கையை மாற்றிற்று. ஃபுளுவாக்ஸெடின், செர்ட்ராலின், சிட்டலோபிராம், எசிட்டலோபிராம் ஆகிய நான்கு மருந்துகளுள் ஒன்றை உட்கொண்டு 12 மாதம் நிலையான நலத்துடன் இருப்போர்க்கு, தனித்தனியே ஆராய்ந்து, சான்றிதழ் வழங்கலாம் என்றது. அதுவரை மறைத்திருந்தோர் ஆறு மாதத்திற்குள் உண்மையை வெளியிட்டால், அதன்பொருட்டு உரிமத்தின்மீது நடவடிக்கை இல்லை என்றும் அறிவித்தது. பின்னாளில் 12 மாதம் என்னும் எல்லை குறைக்கப்பட்டது. மருந்துகளின் பட்டியலும் விரிந்தது.

இதனால் ஆபத்து மிகாதோ என்று வினவலாம். ஆஸ்திரேலிய நாடு இத்துறையில் முந்திக்கொண்ட நாடு. அங்கு மருந்து உண்டு பறந்த 481 விமானிகளை, மருந்து உண்ணாதோருடன் ஒப்பிட்டு நிகழ்த்திய ஆய்வொன்று 2007-இல் வெளிவந்தது. இரு பிரிவினரின் விபத்துகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. மருத்துவக் கண்காணிப்பில் உள்ள நோய் வேறு. மறைக்கப்பட்ட நோய் வேறு என்பதை இது காட்டுகின்றது.

இக்கருத்தினை மறுப்போர் தவறாது எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2015 மார்ச் 24 அன்று, பார்சிலோனாவிலிருந்து டுசல்டார்ஃப் நோக்கிச் சென்ற ஜெர்மன்விங்ஸ் விமானத்தை அதன் துணை விமானி வேண்டுமென்றே ஆல்ப்ஸ் மலையில் மோதச் செய்தார். அவ்விமானத்தில் இருந்த 150 பேரும் மாண்டனர். பயிற்சிக் காலத்தில் அவருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. 2009 ஏப்ரலில் சான்றிதழ் மறுக்கப்பட்டு, அதே ஆண்டு சூலையில் மீண்டும் வழங்கப்பட்டது. ‘அன்றே கதவை அடைத்திருந்தால் 150 உயிர்கள் பிழைத்திருக்குமே’ என்பர். நெஞ்சைத் தைக்கும் வாதம் இது. எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று.

எனினும், பிரெஞ்சு நாட்டு விபத்து ஆய்வுக் குழு 2016 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையை ஊன்றிப் படித்தல் வேண்டும். நோய் மீண்டும் தலைதூக்கியது 2014 டிசம்பரில். அதன்பின் அவர் மருத்துவர் பலரை நாடினார். விபத்திற்கு இரு வாரங்களுக்கு முன் ஒரு மருத்துவர், மனநல மருத்துவமனையில் சேருமாறு பரிந்துரைத்தார். ஆயினும் அவர் பணியாற்றிய நிறுவனத்திற்கோ, சான்றிதழ் வழங்கும் மருத்துவர்க்கோ ஒரு சொல்லும் எட்டவில்லை. நோய் மீண்டால் சான்றிதழ் செல்லாது என்னும் குறிப்பு அவருடைய சான்றிதழிலேயே இருந்தது. பயிற்சிக்காக வாங்கிய சுமார் 41,000 யூரோ கடன் இருந்தது. வருவாய் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு இல்லை. பறக்கும் உரிமையை இழப்போம் என்னும் அச்சம், அவர் உண்மையைச் சொல்லாதிருந்தமைக்குக் காரணமாகியிருக்கலாம் என்று அவ்வறிக்கை கூறுகின்றது. அவர் அன்று பறந்திருக்கவே கூடாது, அதில் ஐயமில்லை. ஆனால், அவரைத் தடுக்கவல்ல செய்தி மருத்துவர் அறைகளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. பழைய நோயைக் கூறியவர்க்கு அன்று கதவு திறந்தது. புதிய நோயைக் கூறினால் எல்லாம் போகும் என்னும் நிலையே பின்னர் வாயை அடைத்தது.

அந்த அச்சம் ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. 2022-இல் வெளியான ஆய்வொன்றில், வினவப்பெற்ற 3,765 அமெரிக்க விமானிகளுள் 56.1 விழுக்காட்டினர், சான்றிதழை இழக்க நேருமென்று அஞ்சி ஏதேனும் ஒருவகையில் மருத்துவ உதவியைத் தவிர்த்ததாகக் கூறினர். பாதிக்கும் மேற்பட்டோர் மருத்துவரைக் கண்டு அஞ்சுவரெனின், அவர்தம் கையிலுள்ள சான்றிதழ் எதற்குச் சான்று? நலத்திற்கா, மௌனத்திற்கா?

மருத்துவத்தை நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என நாற்கூறாக வகுத்தார் வள்ளுவப் பெருந்தகை. முதற்கூறாகிய நோயாளியே முன்வர அஞ்சி ஒளிந்துகொள்வானாயின், ஏனைய மூன்றும் இருந்தென்ன பயன்?

எல்லார்க்கும் சான்றிதழ் வழங்குக என்பதன்று என் கோரிக்கை. உண்மையும் மயக்கமும் பிரித்தறியாத கடும் மனநோய், பெருங்களிப்பும் பெருஞ்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை நோய் ஆகியவற்றைத் தகுதியின்மைக்கு உரியனவாகச் சட்டம் வகுத்திருத்தல் முறையே. வேண்டுவது பகுத்தறிந்து நோக்குதல். பதினேழு வயதில் துயருற்று ஆலோசனை பெற்றுத் தேறியவரையும், இன்று கடும் நோயில் உழல்பவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது. ஆய்வு விரைவாக நடைபெறுதல் வேண்டும்; செலவு தாங்கத்தக்கதாதல் வேண்டும். மருத்துவம் பெறும் காலத்தில் வருவாய்க்குக் காப்பு வேண்டும். சக விமானியிடம் அச்சமின்றி மனந்திறக்கும் ஏற்பாடு வேண்டும்.

உலகம் இத்திசையில் நடக்கத் தொடங்கியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இயற்றிய விதி, சக விமானியர் உதவித் திட்டத்தைக் கட்டாயமாக்கிற்று. 2021 பிப்ரவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டின் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமும் 2023-இல் அத்தகைய திட்டத்தை வலியுறுத்திச் சுற்றறிக்கை விடுத்தது. அமெரிக்காவில் இதன்பொருட்டு அமைந்த குழு 2024 ஏப்ரலில் 24 பரிந்துரைகளை வழங்கிற்று. ஆனால் விதி மாறினால் மட்டும் போதாது. மனநோயைக் குலத்திற்கே வந்த பழியென எண்ணும் நம் மனமும் மாறுதல் வேண்டும். வானில் பறக்கக் கனவு காணும் மாணவச் செல்வங்கள், அக்கனவு கலையுமென்று அஞ்சி நோயை நெஞ்சுக்குள் பூட்டிவைத்தல் வேண்டா. பெற்றோரும் பெரியோரும் அப்பூட்டுக்குத் துணைபோதல் வேண்டா.

நோயுற்று, மருந்துண்டு, மருத்துவர் ஆய்ந்து ஏற்ற விமானி ஓட்டும் விமானத்தில் நான் அச்சமின்றி ஏறி அமர்வேன். நோயுற்றும் சொல்ல அஞ்சும் விமானி ஓட்டும் விமானமே எனக்கு அச்சந்தருவது. இவ்விருவருள் எவரை நம் விதிகள் மிகுதியாக உருவாக்குகின்றன என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.